மீனின் கடிகாரம்

கிசுமுவில், பஞ்சர் ஒட்டும் கடைக்கு மேலே
எங்கள் கம்பெனிக்கு ஐந்து மாதம் நடக்கிறது.
நாலு பேர், மூன்று நாற்காலி.
கடைசியாக வருகிறவருக்கு
உடைந்த மாதிரிப் பெட்டிதான் ஆசனம்.
பெரும்பாலும் அது நான்.

நாங்கள் விற்க வந்தது குளிர்ச்சி.
ஏரிக்கரையில் மீன் விற்கும் பெண்களுக்கு
நாள் வாடகைக்கு ஒரு பெட்டி,
வெயிலைத் தின்று உள்ளே குளிரும்.
வரைபடம் முடிக்க நான்கு மாதம் கேட்டான் நியாங்வெசோ.
வியாழன் வரைக்கும் எடுத்துக்கொள் என்றாள் அபியோ.
அன்றைக்குத் திங்கள்,
அதுவும் மதியத்துக்கு மேல்.

விடிகாலை நாலுக்குப் பிடிபட்ட மீனின் செவுள்
உச்சி வெயிலுக்குள் நிறம் மாறிவிடும்.
வங்கியில் எங்கள் பணமும் அப்படித்தான்,
எழுபத்தாறு நாள் தாங்கும் என்று
ஒக்கேச் சுவரில் கரியால் எழுதிவைத்தான்.
தினமும் காலை அழித்து
ஒன்று குறைத்து எழுதுவான்.

வியாழக்கிழமை, டுங்கா கரை.
பழைய குளிர்சாதனப் பெட்டியின் வயிறு,
விளிம்பு ஒட்ட சைக்கிள் டியூப்,
அலமாரிக் கதவின் கீல்.
பிலிஸ்டா அவுமா மூடியைத் தூக்கினாள், விட்டாள்.
தொப்பென்று விழுந்தது.
“ஒரு கையில் கத்தி, ஒரு கையில் மீன்.
இதை எதால் திறப்பேன், பல்லாலா?”

நான்கு மாதம் உட்கார்ந்து யோசித்திருந்தாலும்
அந்த அறையில்
இந்தக் கேள்வி பிறந்திருக்காது.
எங்கள் யார் கையிலும் மீன் இல்லை.

சனிக்கிழமை இரண்டாவது பெட்டி,
மோட்டார் பைக்கின் பிரேக் மிதி வைத்தது,
காலால் திறக்கலாம்.
செவ்வாய் மூன்றாவது. மிதி துருப்பிடித்தது.
நான்காவதைப் பற்றிப் பேச வேண்டாம்.

நைரோபியில் ஒரு பெரிய கம்பெனிக்கும் இதே வேலை.
கூட்டம் போட ஓர் அறை,
போட்ட கூட்டத்தைப் பற்றிப் பேச இன்னோர் அறை.
அவர்கள் பெட்டி இன்னும்
திரையில் சுழன்றுகொண்டிருக்கிறது,
மிக அழகாக.

எங்களிடமும் கோளாறு உண்டு.
ஒருநாள் விலைச் செய்தியில் ஒரு சைபர் விழுந்துவிட்டது.
நானூறு ஷில்லிங் கிலோ, நாற்பதாகி
இருநூற்றுப் பன்னிரண்டு போன்களுக்குப் போனது.
மணி ஐந்து பத்து.
ஐந்து இருபத்திரண்டுக்கு அபியோ பார்த்தாள்.
ஐந்து முப்பத்தொன்றுக்குத் திருத்தம் போயிற்று.
ஒக்கேச் பைக் ஏறி மூன்று கரைகளிலும்
தொண்டை கிழியக் கத்தினான்.
அதற்குள் விற்றுவிட்ட இரண்டு பேருக்கு
எங்கள் சாப்பாட்டுக் காசைக் கொடுத்தோம்.

இருபத்தொரு நிமிடத் தவறு.
இன்னும் கண்கூடத் திறக்காதது.
வளரவிட்டிருந்தால்
அதற்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள்,
ஒரு கோப்பு,
அதைக் காப்பாற்ற ஓர் அதிகாரி.

பதறாத காரியம் சிதறாது, நிஜம்தான்.
ஆனால் பதறாமல் இருப்பது வேறு,
நகராமல் இருப்பது வேறு.
பிலிஸ்டா திலாப்பியாவைச் செதில் உரிக்கும்போது பாருங்கள்:
கத்தி போவது தெரியாது,
முகத்தில் ஒரு சலனம் கிடையாது,
பக்கத்துக் கடைக்காரியோடு
மருமகளைப் பற்றிப் பேச்சு வேறு.
விரல்கள் பத்தும் பத்திரம்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்.
பேட்டரியிலிருந்து கம்பி இறங்கும் இடத்தில்
நியாங்வெசோவை யாரும் அவசரப்படுத்துவதில்லை.
ஈரக் காலோடு நிற்கிறவர்களுக்கான பெட்டி அது.
அந்தத் தவறுக்குக்
குழந்தைப் பருவம் கிடையாது.
அங்கே அவன் மூன்று முறை பிரித்து மாட்டுவான்.
அபியோ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள்.

சுவரில் நேற்று முப்பத்தொன்பது.
சாயங்காலம் பிலிஸ்டாவின் போன்:
ஆறாவது பெட்டி பரவாயில்லையாம்,
கழுவின தண்ணீர்தான் அடியிலேயே நிற்கிறதாம்,
நாற்றமாம்.
“கீழே ஓர் ஓட்டை போட்டால் என்ன?”

அபியோ போனை இன்னும் வைக்கவில்லை.
பஞ்சர் கடையில் துளைபோடும் மெஷினை இரவல் கேட்க
நான் பாதிப் படி
இறங்கியிருந்தேன்.