கடி

க்யூர்பீப்பில் கூரை திறக்கும் காரை
யார் வாங்குவார்கள்?
மாதத்தில் இருபது நாள் மழை.
மீதி நாட்களில் மழைக்கு முந்தைய தூறல்.
மரிலின் அப்பசாமி வாங்கினாள்.
வக்வாவில் ஏலமாம்,
கை தானாகவே உயர்ந்துவிட்டதாம்.

அறுபத்து நாலாம் வருட ஹெரால்ட்.
பச்சை. கதவின் அடியில் மட்டும் காவி.
கூரையை முன்கண்ணாடிச் சட்டத்தோடு பிடித்துவைக்கும்
கொக்கிகள் இரண்டில்
வலது இல்லை.
இடதுக்கு மூக்கு உடைந்திருந்தது.

பர்மிங்காமுக்கு எழுதினாள்: இல்லை.
டர்பனில் ஒருவர்: இருந்தது, போன வாரம்தான் விற்றேன்.
போர்ட் லூயியின் பழைய இரும்புக்காரர்
பதில் சொல்லவில்லை, சிரித்தார்.
ஒன்றரை வருடம்
ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் குடை.
ஃபாரஸ்ட் சைட் சாலையில் பள்ளிப் பிள்ளைகள்
பெயரே வைத்துவிட்டார்கள்.

பிறகு என்னிடம் வந்தாள்.
நான் பல் செட் செய்கிறவள்.
கைக்குட்டையைப் பிரித்தாள்:
விழுந்த பால்பல் மாதிரி
ஒரு துத்தநாகத் துண்டு.
வாய் வேறு, வண்டி வேறு என்றேன்.
இரண்டும் மூட வேண்டியவைதானே என்றாள்.

உடைந்த மூக்கை மெழுகில் வளர்த்தேன்.
எவ்வளவு வளர்ப்பது?
அறுபது வருடம் கூரை இழுத்த இழுப்பில்
தேய்ந்து போனது எவ்வளவு என்று
தேய்ந்ததிடமே கேட்க முடியாது.
எதிர்ப்பல்லைக் கேட்க வேண்டும்.
சட்டத்தின் குழியில் அச்சுப்பசையை அப்பினேன்,
எல்லா நோயாளிக்கும் அப்புகிற
அதே புதினாப் பசை.
வண்டி இரண்டு நாள் மணத்தது.

வலது கொக்கிக்கு மாதிரி கிடையாது.
இடதைக் கண்ணாடியில் பார்த்துச் செதுக்கினேன்.
என் தொழிலில் வலம் என்றால் எதிரே இருப்பவரின் வலம்;
அந்தப் பழக்கத்தில் கை ஒருமுறை திருப்பியது,
கண்ணாடி ஒருமுறை திருப்பியது.
வார்த்து, உடைத்து, கழுவிப் பார்த்தால்
இன்னொரு இடது.
அன்று மாலை முழுக்க
யாரோடும் பேசவில்லை.

திரும்பவும் மெழுகு.
உலோகம் ஆறும்போது நூற்றுக்கு இரண்டு சுருங்கும்,
அதையும் சேர்த்துப் பருமனாக.
மாவுக்கூட்டில் புதைத்து, உலையில் மெழுகை ஓட்டி,
அது விட்டுப்போன இடத்தில்
கோபால்ட்-குரோம்.
துரு பிடிக்காது, மழை என்ன செய்தாலும்.

சனிக்கிழமை பொருத்தினோம்.
இடது வழுக்கிக்கொண்டு போனது.
வலது குழியின் உதட்டில் முட்டி நின்றது.
அளவு தப்பா?
அளவு சரி. வண்டிதான் சாய்ந்திருக்கிறது,
யார் எப்போது எங்கே இடித்தார்களோ.
சரியான கொக்கி இதற்கு உதவாது.

பையிலிருந்து சிவப்புத் தாளை எடுத்தேன்,
கடியைப் பார்க்கிற மெல்லிய தாள்.
குழிக்கும் கொக்கிக்கும் நடுவே வைத்து
'கடிங்க' என்றேன்.
யாரிடம் சொன்னேன் என்று மரிலின் திரும்பிப் பார்த்தாள்.
கூரையை இறக்கினாள்.
கொக்கியின் ஓரத்தில் சிவப்புப் பொட்டு.
அங்கே மட்டும் ராவினேன்.
கடிங்க.
இன்னும் கொஞ்சம்.
கடிங்க, பல்லை அசைக்காமல்.
பதினோராம் முறை
டொக்.

தூறல் ஆரம்பித்திருந்தது.
உள்ளே இருவரும் உட்கார்ந்து
மேலே சத்தத்தைக் கேட்டோம்.
பின்சீட்டில் ஒரு இடத்தில் ஒழுகியது.
அது தையல்காரர் வேலை என்றேன்.

ரசீதுப் புத்தகத்தில் அச்சடித்த வரிகள் இரண்டுதான்.
மேல் தாடை என்பதை வட்டமிட்டு
'இரண்டு' என்று எழுதினேன்.
நோயாளி பெயர் என்ற இடத்தில்
அவள் சொல்லச் சொல்ல
நம்பர் பிளேட்.

அந்த இன்னொரு இடது
கடைவாய்ப் பற்களின் டப்பாவில் கிடக்கிறது.
டர்பன்காரருக்கு நேற்று ஒரு வரி எழுதினேன்:
யாராவது கேட்டால், இருக்கிறது.