டூங்காபி, வியாழன் இரவு

பந்தின் முதுகில் அறையாதே.
வலது கன்னத்தை வழித்துக்கொண்டு போ,
கடிகாரத்தில் மூன்று இருக்கும் இடம்.
மணிக்கட்டு இளகட்டும்.

எதிரே டெஸ்மண்ட், இடக்கைக்காரர்,
முழங்காலில் நீலப் பட்டி.
முதல் ஸ்லைஸ் ஓரக்கோட்டை நக்கி
வேலிப் பக்கம் வளைந்தோடியது.
பேக்ஹேண்டை நீட்டினார், காற்றுதான் அகப்பட்டது.

அடுத்த முறை இதே பக்கம்
ஓரடி தள்ளி நின்றார்.
நடுவில் வாசல் திறந்து கிடந்தது;
அங்கே நேராக ஒன்று.
பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு
மறுபடி உள்ளே வந்தார்.

நாற்பது, பதினைந்து.
கோர்ட் விளக்கு அணைய இன்னும் நாலு நிமிடம்.
பந்தை ஏழெட்டுத் தரம் தட்டினேன்.
அந்த முழங்காலைப் பார்க்காதிருக்க
வானத்தைப் பார்த்தேன்.
சர்வ் போட
எப்படியும் வானத்தைத்தானே பார்க்க வேண்டும்.

பந்து எழுந்தது,
சற்றே வலப்பக்கமாக.