கழிவில்லாத வாரம்

கேள்விக்குறி வரைக்கும் முகவரி.
அதற்கப்புறம்தான் சாமான்:
அட்டை = 1187 & வாரம் = 32 & கழிவு = 1
இப்படி லிங்க்கில் எழுதித் தொங்கவிட்டால்தான்
அடுத்த பக்கத்துக்குத் தெரியும்
வந்திருப்பது யார், எத்தனை என்று.
எழுதாததை அது கேட்காது.
முந்தின பக்கத்தைத் திரும்பியும் பார்க்காது.
ஒவ்வொரு சொடுக்கிலும்
ஜங்ஷனில் இறங்கின வெளியூர்க்காரன் மாதிரி
முழித்துக்கொண்டு நிற்கும்.

வண்ணார்பேட்டையில் செல்போன் கடைக்கு மேலே
இரண்டு ஃபேன், ஒரு ஏசி, ஏசி ஓடாது.
முக்கூடல் பீடிக் கம்பெனிக்கு
ரூபியில் யாரோ எழுதிவிட்டுப் போன கணக்கு
ஆடி மாசம் என் தலையில் விழுந்தது.
யாரோ இல்லை, ஜெபசிங்.
இப்போது சிங்கப்பூரோ எங்கேயோ.

கணக்கர் தளவாய் போனில் சொன்னது:
"பொம்பளைக கூப்பாடு போடுதாளுவ.
ஒரு கட்டு கழிஞ்சா துட்டு கூட வருதாம்,
ஒண்ணுமே கழியலன்னா கொறையுதாம்.
கேட்டா சிரிப்பா இருக்கு. பாத்துச் சொல்லும்மா."

நானும் சிரித்தேன்.

பிறகு பார்த்தேன்.
கழிவு பூஜ்யமென்றால் லிங்க்கில் சேர்க்காதே
என்று ஒரு வரி. லிங்க் நீளுகிறதாம்.
பூஜ்யத்தைச் சுமப்பானேன் என்று நினைத்திருப்பான்.
அடுத்த பக்கத்தில்
பராம்ஸுக்குள் கைவிட்டுத் துழாவினால்
கழிவு இல்லை.
இல்லாததற்கு ரூபியில் பெயர் நில்.
நம்மூரில் அது நிற்கச் சொல்கிற சொல்.
அங்கே யாரும் நிற்கவில்லை.
பக்கத்தில் இரண்டு செங்குத்துக் கோடு,
அல்லது என்று அர்த்தம்,
கோட்டுக்கு அந்தப் பக்கம் 2.
ஓரத்தில் அவன் குறிப்பு: தற்காலிகம்.

இதில் ஒன்று சொல்ல வேண்டும்.
பூஜ்யத்தைப் பொய் என்று சொல்லாத மொழி ரூபி.
வேறு சில மொழிகளில் அதற்கு வாசலோடு சரி.
இங்கே பூஜ்யம் வந்திருந்தால்
உட்கார வைத்து மதித்திருக்கும்.
வரவே விடவில்லை.

ஆக, ஒரு கட்டு மோசமென்றால் ஒரு கட்டுக்குப் பிடித்தம்.
ஒன்றுமே மோசமில்லையென்றால்
இரண்டு.
மூன்று வருஷம்.

சோதனைக்கு 1187ஐத் திறந்தேன். சொர்ணக்கனி.
இந்த வருஷம் பதினெட்டாம் வாரம்வரை
கழிவுக் கட்டம் காலி, காலி, காலி.
பத்தொன்பதிலிருந்து ஒன்று.
ஒன்று. ஒன்று.
சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை, தவறாமல்
ஒன்று.

எனக்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டாள்.
திரையில்லாமல், கோடில்லாமல்,
கூலிக் கவரைத் திரும்பத் திரும்ப எண்ணி.
நல்ல கை.
ஒரு கட்டை, இருபத்தைந்து பீடியை,
வேண்டுமென்றே தளர்வாகச் சுற்ற
அந்தக் கை எவ்வளவு சிரமப்பட்டிருக்கும்.

1188ஐத் திறந்தேன்.
லிங்க்கில் எண்ணை மாற்றினாலே திறக்கிறது;
அது வேறு ஓட்டை, நாளைக்கு அடைக்கணும்.
இருபத்தொன்றாம் வாரத்திலிருந்து ஒன்று.
1190. இருபத்திரண்டிலிருந்து.
1203.
வீடு வீடாகப் போயிருக்கிறது சேதி.

2ஐ அழித்து 0 போட்டேன்.
ஒரு எழுத்து வேலை, கையோடு ஏற்றியாச்சு.
பழைய பாக்கி என்றேன் தளவாயிடம்.
"அது மொதலாளிட்டல்லா பேசணும்"
என்றதோடு லைன் போய்விட்டது.

சனிக்கிழமை வந்தது.
1187: ஒன்று.
சரியாகிவிட்டது என்று அவளுக்கு யார் சொன்னது?
இனி அந்த ஒன்று கைநஷ்டம்.

திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டு
பேட்டை வழி டவுன் பஸ்ஸில் ஏறினேன்,
பையில் முப்பத்தெட்டு பக்கம் அச்சு,
அட்டை வாரியாக, வாரம் வாரியாக.
"எங்கம்மா?"
"முக்கூடல்."
"எத்தன?"
"ஒண்ணு."
மகளிர், ரூபாய் 0.00
என்று அடித்துக் கிழித்துக் கொடுத்தார் கண்டக்டர்.
பூஜ்யத்தையும் எழுதித்தான் கொடுக்கிறார்கள்.
கசங்காமல் மடித்து
அந்த முப்பத்தெட்டோடு வைத்துக்கொண்டேன்.