மேலிருந்து நாற்பத்தொன்று

தெருவிலிருந்து என் வீட்டுக்குத் தொண்ணூற்று மூன்று படிகள்.
வல்பரைசோவில் இது ஒரு கணக்கே இல்லை.
இருபத்தாறு வருஷம்
முழு கேஸ் சிலிண்டரைத் தோளில் போட்டு
இதைவிடச் செங்குத்தான குன்றுகளில்
விசிலடித்துக்கொண்டே ஏறினவன் நான்.

இப்போது இடுப்பெலும்பில் ஆறு திருகாணி,
இரண்டு கம்பி.
"படம் அழகாக வந்திருக்கிறது" என்றார் டாக்டர்,
வெளிச்சத்தில் அதைப் பிடித்து.
அழகாகத்தான் இருந்தது,
காசில்லாமல் பாதியில் விட்ட பாலம் மாதிரி.
வலியைத் தேடினேன்.
அது படத்தில் விழாதாம்.

மூன்று மாதம் என்றார்கள்.
இது எட்டாவது.

காலை வலி கடன்காரன்.
கதவை உடைப்பான், கத்துவான்,
பத்து மணிக்குப் போய்விடுவான்.
சாயங்கால வலி உறவுக்காரன்.
சத்தமே இல்லாமல் வந்து உட்கார்ந்து
சாப்பாடு முடிந்தும் எழுந்திருக்க மாட்டான்.

தும்மலுக்குப் பயப்படுகிறேன்.
மிளகுப்பொடி டப்பாவைத் திறக்குமுன்
"பிடித்துக்கொள்" என்று குரல் கொடுப்பாள் மிர்த்தா.
நான் மேசையைப் பிடித்துக்கொள்வேன்.

ஏப்ரலில் நிஜமாகவே பூமி ஆடியது.
குன்று முழுக்கத் தெருவுக்கு ஓடியது.
நான் மல்லாந்து கிடந்து
விளக்கு ஊசலாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மிர்த்தாவும் ஓடவில்லை.
பக்கத்தில் வந்து படுத்து
பல்லைக் கடித்துக்கொண்டு
"முட்டாள்" என்றாள்.
என்னையா, பூமியையா,
இன்றுவரை நான் கேட்கவில்லை.

பயிற்சி சொல்லித்தர வரும் ராயென்
வியாழன்தோறும் கேட்கிறாள்:
"பத்துக்கு எத்தனை?"
எண்ணில் சொல்லத் தெரியவில்லை, படியில் சொல்லட்டுமா என்றேன்.
சரி என்றாள்.
இன்று அறுபதாம் படி,
அங்கேதான் கைப்பிடிக் கம்பி உடைந்திருக்கிறது.
தாளில் ஆறு என்று எழுதிக்கொண்டாள்.

போன புதன்கிழமை
சமைத்துக்கொண்டிருக்கும்போதே அடுப்பு அணைந்தது.
கீழே இரும்பில் இரும்பு தட்டும் ஓசை,
டிங், டிங்-டிங்.
என் பழைய வண்டிதான்.
மேலே வந்தவன் யெர்கோ, இருபது வயது,
மூச்சு வாங்கவில்லை.
சிலிண்டரை வாசலிலேயே வைத்தான்.
இரண்டு கிலோவுக்கு மேல் நான் தூக்கக் கூடாது.
காலியானதை மிர்த்தா காலால் உருட்டி வெளியே தள்ளினாள்,
முழுசை இழுத்தாள், தரையில் கீறல் விழுந்தது.
நான் சுவரில் சாய்ந்து நின்று
சில்லறையை எண்ணினேன்.
இரண்டு முறை எண்ணினேன்.

அப்போதுதான் கிளோதில்தே பர்ராசா நினைவுக்கு வந்தாள்.
பச்சைத் தகர வீடு, இடுப்பில் அகலப் பட்டை.
"அடுப்படிவரை கொண்டு வைக்கிறாயா, தம்பி?"
ஆறே எட்டு இருக்கும்.
"இன்னும் பதினோரு வீடு இருக்கிறது, அம்மா" என்று சொல்லி
நாக்கைச் சப்புக்கொட்டினேன்.
அந்த ஒலி அவள் காதில் விழுந்திருக்கும்.
விழவேண்டும் என்றுதானே கொட்டினேன்.

அந்த வீட்டை விற்றுவிட்டார்கள்.

இன்று தனியாகக் கீழே இறங்கினேன்.
மேலிருந்து நாற்பத்தொன்று.
அந்தப் படியில் எப்போதும் ஒரு மஞ்சள் நாய் தூங்கும்.
முன்பெல்லாம் தாண்டிப் போவேன்.
காலை அவ்வளவு உயரம் தூக்க
இன்னும் தைரியம் வரவில்லை.
நகரும் என்று நின்றேன்.
நகரவில்லை.
அதன் பக்கத்தில், அங்குலம் அங்குலமாக,
கம்பியைப் பிடித்து உட்கார்ந்தேன்.

துறைமுகத்தை மூடுபனி விழுங்கியிருந்தது.
எங்கோ ஒரு கப்பல் ஊதியது.
திருகாணிகளில் குளிர் ஏறியது,
ஆறிலும், தனித்தனியாக.

இறங்கியது நாற்பத்தொன்று என்றால்
ஏறுவதும் நாற்பத்தொன்றுதான்.
உடம்பு இதை நம்பமாட்டேன் என்கிறது.

மேலேயிருந்து மிர்த்தா கூப்பிடுகிறாள்.
"வருகிறேன்" என்றேன்.
நாய் ஒரு கண்ணைத் திறந்து
என்னைப் பார்த்துவிட்டு
மறுபடி மூடிக்கொண்டது.