கைமாற்று

வரி அலுவலகப் படிவத்தில் தொழில் என்ற கட்டத்துக்கு
இரண்டு விரல் அகலம்தான் விட்டிருக்கிறார்கள்.
ஒன்றுமில்லாததைத் தயாரிக்கிறேன் என்று
அதற்குள் எழுத முடியாது.

ஹாம்பர்க்கின் மேற்கோரம், பாரன்ஃபெல்டு.
சுரங்கத்தில் எஃகுக் குழாய், குழாயின் முடிவில் கலம்.
கலத்துக் காற்றை மூன்று நாளாக
வெளியே இறைத்துக்கொண்டிருக்கிறேன்,
சுட்டு இறைத்து, ஆறவிட்டு இறைத்து.
எஃகுக்கும் வியர்க்கும்; அது தீரும்வரை சுட வேண்டும்.
அப்படியும் ஒரு கரண்டி வெறுமையில்
பத்துக் கோடி மூலக்கூறுகள் மிச்சம்.

பௌதிகக்காரர்களுக்கு இது போதும்.
அவர்கள் பார்க்க வருவது வேறொரு மிச்சத்தை.

காற்று போனாலும் வெளிச்சம் போனாலும்
வெற்றிடம் சும்மா இருப்பதில்லை என்கிறான் ஹௌகே.
ஓயாமல் கடன் வாங்குகிறதாம்.
கைமாற்று என்ற சொல் அவன் மொழியில் இல்லை,
நானே போட்டுக்கொண்டேன்:
ஓர் எலக்ட்ரான், கூடவே ஒரு பாசிட்ரான்,
பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது,
கணக்குப்பிள்ளை கண் இமைக்குமுன்
திருப்பிக் கொடுத்தாயிற்று.

நாங்கள் இடையில் புகுகிறோம்.
எலக்ட்ரான் கற்றைக்கு எதிரே லேசர்த் துடிப்பு;
முடியை விட மெல்லிய ஓரிடத்தில்
புலம் அத்தனை இறுகும்போது
இரண்டையும் சேரவிடாமல் இழுத்துப் பிரித்துவிடும்.
கடனை வேறு யாராவது அடைத்தாக வேண்டும்.
கற்றை அடைக்கும், லேசரும் கொஞ்சம் போடும்.
அடைபட்ட பின் அவை இல்லை என்று சொல்ல முடியாது.
எடை உண்டு. காந்தம் ஒன்றை இடப்பக்கமும்
மற்றதை வலப்பக்கமும் வளைக்கும்.
இடப்பக்கம் தேர்த்திருவிழா நெரிசல்,
அதில் நம் எலக்ட்ரானைத் தேட முடியாது.
வலப்பக்கத் தட்டு வெறிச்சோடிக் கிடக்கும்.
காத்திருப்பது அங்கே.

செவ்வாய் இரவு ஒன்றே காலுக்கு அழுத்தம் ஏறியது.
ஹீலியம் குப்பியோடு இணைப்பு இணைப்பாக ஊதிக்கொண்டு போனேன்.
பதினான்காவதில் கருவி முனகியது.
கழற்றினால், செப்பு வளையத்தின் குறுக்கே
ஒரு முடி.
கறுப்பு, நீளம், லேசான சுருள்.
ஹௌகேக்கு வழுக்கை. வீப்கேக்குக் கோதுமை நிறம்.
பதிவேட்டில் எழுதினேன், காரணம்: இழை.
யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.
வலைத்தொப்பியை மட்டும் இறுக்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மறுபடி ஒன்றுமில்லை தயார்.
வினாடிக்கு ஒரு தடவை சுட்டார்கள்.
பம்புகளின் ஊளை, ஆறிய காபியில் அதன் நடுக்கம்,
நள்ளிரவு தாண்டி ஆயிரம், இரண்டாயிரம்.
மூன்றரைக்கு வலப்பக்கத் தட்டில்
துளி வெளிச்சம்.
வந்தது, கிடைத்த முதல் எலக்ட்ரானோடு சேர்ந்தது,
எதிரெதிர்த் திசையில் இரண்டு காமாக் கதிராகிப்
போயே போய்விட்டது.
வீப்கே எழுந்துவிட்டாள். ஹௌகே எழவில்லை.
லேசரை மூடச் சொன்னான்.
மூடிவிட்டும் எண்ண வேண்டும், அதுதான் முறை.

விடியும்போது
லேசர் இருக்கையில் பதினேழு.
இல்லாதபோது, அதே அளவு நேரத்துக்கு, பதினொன்று:
வானத்திலிருந்து தவறி விழுந்தவை,
சுவரில் பட்டுத் தெறித்தவை.
கழித்தால் ஆறு.
ஆறு, கூட்டவோ குறைக்கவோ ஐந்து, என்றான் ஹௌகே.
இதற்கு யாரும் கைதட்ட மாட்டார்கள் என்றும் சொன்னான்,
சொல்லிவிட்டு அந்த ஆறின் மேல்
பேனாவால் இரண்டு தடவை எழுதினான்.

பேருந்து என்னை லூருப்பில் இறக்கிவிட்டது.
சுரங்கம் எங்கள் தெருவுக்கு அடியில்தான் ஓடுகிறது;
மேலே தூறலில் யாரோ மறந்துபோன போர்வை
கொடியில் கனத்துக்கொண்டிருந்தது.
நாயோடு நின்ற டீடமான் அம்மாள் கேட்டாள்,
ராத்திரி முழுக்க அங்கே என்ன நடக்கிறது?
ஒன்றுமில்லை என்றேன்.
அடக்கத்தில் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.

படுக்கும்முன் தலை வாரினேன்.
சீப்பில் சிக்கியிருந்ததை
எண்ணத் தொடங்கி, விட்டுவிட்டேன்.