தடைக்காலத்து ஐஸ்

விசைப்படகெல்லாம் கயிற்றில் கிடக்கிற மாதம்.
மண்டபத்தில் எங்கள் ஐஸ் கம்பெனிக்கு
வேலை என்று ஒன்றுமில்லை.
கரண்ட் பில்லுக்குப் பயந்து முதலாளி
ஒரு தொட்டியை மட்டும் ஓடவிட்டிருந்தார்,
ஜூஸ் கடைகளை நம்பி.

பகல் ஒன்றரை. கச்சான் இன்னும் கிளம்பவில்லை.
வலை பொத்திக்கொண்டிருந்த அருளப்பன்
மணலில் சாய்ந்துவிட்டானென்று
பிரான்சிஸ்கா ஓடிவந்தாள், செருப்பில்லாமல்.
"தொட்டாக் கொதிக்குது. வேர்க்கவே இல்ல."

வேர்க்கவில்லை என்றதும் பாளத்தைப் பிளந்தேன்.
நாலு மீன்சாக்கு நிறைய அள்ளி
படகு நிழலுக்கு அவனை இழுத்துப்போட்டு
கழுத்தில், கக்கத்தில், தொடை இடுக்கில்
சீலாவுக்கு அடுக்குகிற மாதிரியே அடுக்கினோம்.
வாயில் தண்ணீர் ஊற்ற வந்தவரை
அவள்தான் தடுத்தாள்,
நினைவு வரட்டும் என்று.
நூற்றெட்டுக்கு யாரோ போன் போட்டிருந்தார்கள்.

பாலத்துப் பக்கமிருந்து
சைரன் கேட்கத் தொடங்கியபோது
இமை அசைந்தது.
கை, பக்கத்தில் எதையோ துழாவியது.
சில்லு ஒன்றைப் பிடித்து, சாக்கை மோந்து,
"கவிச்சியடிக்குது...
தடை முடிஞ்சிருச்சா?"

எனக்குத் தொண்டை அடைத்தது.
"இன்னும் இருபத்தாறு நாள், படு"
என்றாள் பிரான்சிஸ்கா,
அவன் நெற்றியில் கரைந்து வழிவதைத்
துடைக்காமல்.