ஐந்து ஒன்பது

பொலிசுக்குக் கொடுத்த கடிதத்தில்
‘மின்சாரம் அற்ற நிலையில் தொடர்பாடல் ஒத்திகை’ என்று
எழுதியவள் நான்தான்.
பாலமீன்மடு வெளிச்சவீட்டுக்கு வடக்கே
கழகத்தின் ஆறு பேர், ஒரு தறப்பாள்,
காத்தான்குடியில் கலியாணங்களுக்கு ஒலிபெருக்கி கட்டும்
ரஸ்மியின் ஜெனரேட்டர்.

வெல்டிங் கடை ரேகல் கெற்றப்போலில் ஈயக்குண்டை வைத்து
தென்னை வட்டுக்கு மேலால் நைலோன் நூலை விட்டார்.
முதலாவது ஓலையில் சிக்கியது.
இரண்டாவது யாருடையதோ கோழிக்கூட்டில்.
மூன்றாவதில் இருபது மீற்றர் செப்புக்கம்பி
கச்சானுக்கு வயிறு தள்ளியபடி ஏறி நின்றது.
பார்த்துக்கொண்டிருந்த பொடியன் கேட்டான்:
“இதில உடுப்புக் காயப்போடலாமா?”

ஆறு மணிக்குத் தொடங்கினோம்.
ஹெட்போனுக்குள் ஒரே பொரியல்.
ஊரின் ஒவ்வொரு குமிழும், ஒவ்வொரு சார்ஜரும்,
சந்தியில் நிற்கும் ட்ரான்ஸ்போமரும்
தாச்சியில் கடுகு போட்டபடி இருந்தன.
அதற்குள்ளிருந்து யாரோ ஒருவரின் பாதி அழைப்புக்குறி.
“ஐந்து ஒன்பது” என்றார் குகதர்சன்.
மிகத் தெளிவாகக் கேட்கிறது என்று அர்த்தம்.
“ஐந்து ஒன்பது” என்றது அந்தப் பக்கமும்.
மறுகா எங்கள் அழைப்புக்குறியை
நான்கு தரம் திருப்பிக் கேட்டது.

நான் பதிவுக் கொப்பிக்காரி.
நாற்பத்தொரு பொய்களை
நேரத்தோடும் அலைவரிசையோடும்
சுத்தமாக எழுதினேன்.

எட்டு இருபதுக்கு ஊர் முழுக்கக் கரண்ட் போனது.
உண்மையாகவே.

எங்கள் ஒற்றைக் குமிழைக் கண்டு ஆட்கள் வந்தார்கள்,
கைகளில் சாகக் கிடக்கும் போன்கள்.
ஒரு தாய் பிள்ளையை இடுப்பிலும்
நெபுலைசரைக் கக்கத்திலும் கொண்டுவந்தாள்.
ரஸ்மி இரண்டாவது ரேடியோவின் பிளக்கைக் கழற்றினான்.
யாரும் புள்ளிகளைப் பற்றிப் பேசவில்லை.
நான் நினைத்தேன். பேசவில்லை.

கார் பற்றரியில் ஓடிய முதலாவது ரேடியோவில்
அப்போதுதான் கவனித்தோம்:
பொரியல் இல்லை.
மீற்றர் முள் இடது ஓரத்தில் படுத்திருந்தது.
காதுக்குள் அவ்வளவு பெரிய வெளி.
அதன் தூரத்து மூலையில்
யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

சிமெலு தீவு. இதே கடலின் மற்ற விளிம்பு.
இரண்டு வாற்று. பெயர் யுஸ்ரி.
“மூன்று மூன்று” என்றான்.
கஷ்டப்பட்டுத்தான் கேட்கிறது, அரைகுறையாக.
குகதர்சன் மைக்கை என்னிடம் நீட்டினார்.
“மூன்று மூன்று” என்றேன் நானும்.
அவன் சிரித்தான்,
அல்லது வானம் ஒருதரம் மங்கித் தெளிந்தது.

போட்டிக்கு அத்தோடு போதும்.
அவன் காலநிலை கேட்டான்.
கச்சானுக்கு இங்கிலிசில் என்ன?
“சூட்டுக் காத்து எண்டு சொல்லுங்க” என்றான் ரஸ்மி.
“அது கச்சான் இல்லையே” என்றாள் அந்தத் தாய்,
பிள்ளையின் முதுகைத் தடவியபடி.
கச்சான் என்றே சொன்னேன், எழுத்தெழுத்தாக,
கிலோ, ஆல்பா, சார்ளி, ஹோட்டல்...
போனுக்கு வந்த இருபது பேரும் மூச்சடக்கி நின்றார்கள்.
அவன் திருப்பிச் சொன்னான், கிட்டத்தட்டச் சரியாக.
தன் கரையிலும் ஒன்று உண்டாம்,
மலையிலிருந்து இறங்கி நாற்றைக் கருக்குவது,
அதை அவர்கள் அழைப்பது

கரண்ட் வந்தது.
ஊர் ஒரே குரலில் கத்தியது.
பொடியன் துள்ளினான். தாய் வயரைச் சுற்றினாள்.
தாச்சியில் கடுகு.

கொப்பியில் நேரம் உண்டு, அலைவரிசை உண்டு,
காற்றுக்கு நிரல் இல்லை.
ஓரத்தில் ‘அ’ என்று எழுதிவைத்தேன்.
‘ஆ’வாகவும் இருக்கலாம்.